அஞ்சுவானும் ஆற்றைக் கடந்தான்

கிறிஸ்தவச் சொற்பொழிவுகளிலும் பக்திச் சிற்றேடுகளிலும் ஒரு சமன்பாடு அடிக்கடி நம் காதில் விழுகிறது. அச்சம் என்பது விசுவாசக் குறைவு; விசுவாசம் புகுந்த நெஞ்சில் அச்சத்திற்கு இடமில்லை; ஆகவே அஞ்சுகிறவன் இன்னும் சரியாக விசுவாசிக்கவில்லை. கேட்பதற்கு எளிமையான சூத்திரம். நினைவில் வைப்பதும் எளிது. ஆனால் நள்ளிரவில் காரணம் புலப்படாமல் நெஞ்சு படபடக்க எழுந்து உட்காரும் ஒருவருக்கு இச்சூத்திரம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அவரிடம் முன்பே ஓர் அச்சம் இருந்தது. இப்போது, தாம் அஞ்சுவதால் இறைவன் தம்மை ஒதுக்கிவிட்டானோ என்ற இரண்டாவது அச்சமும் சேர்ந்துகொள்கிறது. ஆறுதலாகச் சொல்லப்பட்டது குற்றச்சாட்டாகப் போய்ச் சேர்கிறது. அதன்பின் அவர் தம் அச்சத்தை எவரிடமும் சொல்வதில்லை. சாட்சி சொல்லும் கூட்டங்களில் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கக் கற்றுக்கொள்கிறார்.

இச்சமன்பாடு விவிலியத்திற்கும் பொருந்தாது, கிறிஸ்தவ இலக்கியத்தின் உயர்ந்த படைப்புகளுக்கும் பொருந்தாது என்பது நம் துணிபு. கிறிஸ்தவ விசுவாசம் அச்சத்தை வெல்கிறது என்ற கூற்றை நாம் மறுக்கவில்லை. வெல்லுதல் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பதே கேள்வி.

முதலில் விவிலியத்தையே எடுத்துக்கொள்வோம். 'பயப்படாதே' என்னும் சொல் விவிலியத்தில் 365 முறை வருகிறது, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. எண்ணிப் பார்த்தால் அத்தொகை வராது. எண்ணிக்கையை விடுவோம். அச்சொல் வரும் இடங்களைப் படித்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, முன்னமே நடுங்கிக்கொண்டிருப்பவரிடம்தான் அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது; அஞ்சியதற்காக அவர் தள்ளப்படுவதில்லை. மற்றொன்று, அதற்கு அடுத்து வரும் காரணம். உனக்கு ஒன்றும் நேராது என்ற உறுதியைவிட, நான் உன்னோடு இருக்கிறேன் என்ற உறுதியே மீண்டும் மீண்டும் வருகிறது. அங்கே வாக்களிக்கப்படுவது துணை.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலின் நான்காம் அதிகாரத்தில் எதற்கும் கவலைப்படலாகாது என்கிறார். மேடைகளில் மிகுதியாக ஆளப்படும் பகுதி இது. அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் பதினோராம் அதிகாரத்தில், எல்லாச் சபைகளைப் பற்றிய கவலையும் நாள்தோறும் தம்மை நெருக்குவதாக எழுதுகிறார். கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் ஒரே வேர்ச்சொல், 'மெரிம்னா'. தமிழ் மொழிபெயர்ப்பிலும் இரண்டு இடங்களிலும் 'கவலை' என்ற சொல்லே நிற்கிறது. அம்மடலின் ஏழாம் அதிகாரத்தில், வெளியே போராட்டமும் உள்ளே பயமுமாகத் தாம் இருந்ததை மறைக்காமல் சொல்கிறார். கவலைப்படாதீர்கள் என்று எழுதிய கை கவலையை அறிந்த கை. அதனால்தான் அச்சொல்லுக்கு எடை இருக்கிறது.

எலியாவின் கதை இன்னும் தெளிவானது. யேசபேல் அரசியின் கொலை மிரட்டலுக்கு அஞ்சி ஓடிய அத்தீர்க்கதரிசி, பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டுகிறார். அப்போது அவருக்கு அறிவுரை எதுவும் கிடைக்கவில்லை. தூதன் வந்து தொட்டு எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான். உண்டு மீண்டும் உறங்குகிறார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் உணவு. நெடுந்தொலைவு நடந்தபின்புதான் கேள்வி வருகிறது. அதற்கும் பிறகு எலிசா என்ற ஒரு துணையாள் கிடைக்கிறான். உறக்கம், உணவு, நடை, பேச்சு, தோழமை என்று இந்த வரிசை அமைந்திருக்கிறது. மனநோய்க்கு மருத்துவம் பார்க்கும் எவரும் இவ்வரிசையைக் குறை சொல்லமாட்டார்.

கெத்செமனேயில் இயேசுவும் திகிலடைந்தார், வியாகுலப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று சீடர்களைக் கேட்டுக்கொண்டார், அவர்கள் உறங்கிப்போனார்கள். அச்சம் விசுவாசக் குறைவு என்னும் சமன்பாட்டை அத்தோட்டத்திற்குள் கொண்டுபோனால் அது எங்கே போய் முடியும் என்று அதைச் சொல்வோர் எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்பது ஐயமே.

*

தமிழ் இலக்கியம் பயின்றோருக்கு இவ்விவாதத்தின் வாயில் வேறோர் இடத்தில் திறந்திருக்கிறது. ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம்தான் அது. 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் கிருஷ்ணபிள்ளை. 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலான இக்காப்பியம் ஐந்து பருவங்களும் 3,700க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. இதற்கு மூலம் ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதி 1678இல் வெளியிட்ட பயணக் கதை. 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் தமிழ் உரைநடையிலும் அது வாசிக்கப்பட்டு வருகிறது.

நம் வகுப்பறைகளில் இக்காப்பியம் எவ்வாறு நடத்தப்படுகிறது? ஆசிரியரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று அறிமுகம் செய்கிறோம். கம்பனின் சாயல் விழுந்த பாடல்களைச் சுட்டுகிறோம். உவமைகளையும் உருவகங்களையும் பட்டியலிடுகிறோம். தழுவல் இலக்கியம் என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்று. இவை தவறல்ல. ஆயினும் இந்நூல் எதைப்பற்றியது என்ற வினாவை நாம் கேட்பதில்லை. அழியப்போகும் ஊரில் முதுகில் சுமையோடு நின்று, நான் என்ன செய்வேன் என்று நடுங்கும் ஒருவனிடம் தொடங்குகிறது பனியனின் கதை. கிருஷ்ணபிள்ளை எடுத்துக்கொண்ட கருவும் இதுவே. அச்சத்திலிருந்து புறப்பட்டு அச்சங்களின் ஊடே நடக்கும் பயணம் இது. பனியனின் கதையில் சிலுவை நிற்கும் மேட்டருகே பயணியின் சுமை கழன்று விழும் காட்சி சுருக்கமானது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளையே விரித்துப் பாடிவிடுகிறார். இதைக் காப்பிய மரபுக்கேற்ற விரிவு என்று மட்டும் சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். நடுங்கும் மனிதனுக்கு விடையாக ஒரு கோட்பாட்டை வைக்காமல், ஏளனத்தையும் வேதனையையும் தாமே ஏற்ற ஒருவரின் வரலாற்றை அவர் வைத்திருக்கிறார் என்று பார்ப்பதே நூலுக்கு நெருக்கமான வாசிப்பு.

இனி மூல ஆசிரியரிடம் செல்வோம். பனியனுக்கு அச்சம் புத்தகத்தில் படித்த பொருளன்று.

1628இல் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். பழைய பாத்திரங்களின் ஓட்டையை அடைத்துப் பிழைப்பது குடும்பத் தொழில். பள்ளிப்படிப்பு சொற்பம். 1666இல் வெளியான தன்வரலாற்று நூலில் தம் இளமை அச்சங்களை அவர் எழுதியிருக்கிறார். ஆலயக் கோபுரத்தில் மணியடிப்பதில் அவருக்கு விருப்பம் அதிகம். அது வீண் களியாட்டம் என்று மனம் உறுத்தியபோது அடிப்பதை விட்டார். ஆனாலும் வேடிக்கை பார்க்கப் போவார். ஒரு நாள், மணி அறுந்து தலைமேல் விழுந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. உறுதியான உத்தரத்தின் கீழே நின்றுகொண்டார். விழும் மணி சுவரில் மோதித் தெறித்து வந்தால்? வாசற்படிக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? ஓடிவிட்டார். அதன்பின் அங்கே நிற்கவே துணிவில்லை.

இன்றைய உளவியலாளர் பதற்ற நோயை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாதுகாப்பும் அடுத்த ஆபத்தைக் கற்பனை செய்து தருகிறது. கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் தாம் விரும்பாமலேயே இரவும் பகலும் மனத்தில் புகுந்து வதைத்ததையும், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோம் என்று நெடுங்காலம் கலங்கியதையும் அதே நூலில் சொல்கிறார். இத்தனையும் அவர் விசுவாசத்தைத் தேடிய காலத்தில் நேர்ந்தவை. விசுவாசத்தைப் பற்றிக் கவலையற்றிருந்தவனுக்கு இவ்வச்சங்கள் வந்திருக்கமாட்டா.

1660 நவம்பரில், அனுமதியின்றிப் போதித்தார் என்று சிறைப்படுத்தப்பட்டார். இனிப் போதிக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை. சொல்லவில்லை. சிறைவாசம் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. முதல் மனைவி இறந்து, நான்கு பிள்ளைகளை இரண்டாம் மனைவி எலிசபெத் வளர்த்துவந்தார். அவர்களில் மூத்தவள் மேரி பார்வையற்றவள். மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல் இருந்தது என்றும், அந்தப் பார்வையற்ற பெண்ணே எல்லோரினும் மேலாகத் தம் நெஞ்சை அழுத்தினாள் என்றும் எழுதுகிறார். சிறைக்குள் காலணி நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்திற்கு அனுப்பினார்.

தூக்கு மேடைவரை போக நேருமோ என்று எண்ணிய நாட்களைப் பற்றி அவர் எழுதும் பகுதியே நம் வாதத்திற்கு மையமானது. சாவைக் காட்டிலும் அவர் அஞ்சியது வேறொன்று. ஏணியில் ஏறும்போது முகம் வெளுத்துக் கால்கள் தள்ளாடினால் தம் விசுவாசத்திற்கு இழுக்கு நேருமே என்ற அச்சம். ஆறுதல் வேண்டி மன்றாடினார்; கிடைக்கவில்லை. அப்போது ஒரு முடிவுக்கு வருகிறார். இறைவன் ஆறுதல் தரலாம், தராமலும் இருக்கலாம். அது அவன் உரிமை. நம் பக்கத்துக் கடமை தெளிவானது. ஏணியிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு நித்தியத்திற்குள் குதித்துவிடுவது. அவர் ஏந்திக்கொண்டால் ஏந்திக்கொள்ளட்டும். இல்லையேல் அவர் பெயருக்காகத் துணிந்ததாக இருக்கட்டும்.

இங்கே அச்சம் மறைந்ததா? இல்லை. உத்தரவாதம் கிடைத்ததா? அதுவும் இல்லை. கால் நடுங்கலாம், முகம் வெளுக்கலாம் என்பதை அறிந்தே ஒரு மனிதர் செய்ய வேண்டியதைச் செய்ய முடிவெடுக்கிறார். அச்சம் அவருக்குள் இருந்தது. முடிவை எடுத்தது அச்சமன்று. வெல்லுதல் என்ற சொல்லுக்கு நாம் தேடும் பொருளின் முதல் பாதி இது.

*

இரண்டாவது பாதிக்கு மோட்சப் பிரயாணத்தின் இரண்டாம் பாகத்திற்குச் செல்ல வேண்டும். 1684இல், முதற்பாகம் வந்து ஆறாண்டுகள் கழித்து வெளியானது அது. முதற்பாகத்தின் நாயகனான கிறிஸ்தியான் சென்ற வழியில், அவன் மனைவியும் பிள்ளைகளும் பெருநெஞ்சன் என்னும் வழித்துணைவனோடு செல்லும் கதை. (பாத்திரப் பெயர்களை நாமே தமிழாக்கித் தருகிறோம்.) பெருநெஞ்சன், தான் முன்பு அழைத்துச்சென்ற 'அஞ்சுவான்' என்ற ஒருவனைப் பற்றி நடுவில் ஒரு கதை சொல்கிறான். உலக இலக்கியத்தில் அச்சத்தைப் பற்றி இத்தனை பரிவோடு எழுதப்பட்ட பக்கங்கள் அரியவை.

அஞ்சுவான் வழியின் தொடக்கத்திலிருக்கும் நம்பிக்கையிழப்பு என்னும் சேற்றின் கரையில் ஒரு மாதத்திற்கும் மேலாகப் புலம்பிக் கிடந்தான். முன்னே போகத் துணிவில்லை. திரும்பிப் போகவும் மனமில்லை. வெயில் அடித்த ஒரு காலையில் எப்படியோ கடந்துவிட்டான். கடந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை. அந்தச் சேறு அவன் மனத்துக்குள்ளேயே இருந்தது, போகுமிடமெல்லாம் அதைச் சுமந்து சென்றான் என்கிறான் பெருநெஞ்சன். வாயிலை அடைந்தும் தட்டத் துணியாமல், தான் தகுதியற்றவன் என்று பின்னால் வந்தோர்க்கெல்லாம் வழிவிட்டு நின்றான். அழகிய மாளிகையில் நல்லோர் பேசுவதைக் கேட்க ஆசை. திரைக்குப் பின்னே ஒளிந்து நின்று கேட்டான்.

விந்தை என்னவெனில், பிறர் அஞ்சிய இடங்களில் அவன் அஞ்சவில்லை. துன்ப மலையில் தயங்காமல் ஏறினான். சிங்கங்களை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. மாயச் சந்தையில், ஊரே எதிர்த்தாலும் எல்லோரோடும் சண்டைக்கு நிற்பான் போலிருந்தது. அவனுடைய அச்சம் ஒன்றே ஒன்று. இறுதியில் தன்னை ஏற்றுக்கொள்வார்களா?

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தை ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களங்களை நான்காக வகுக்கிறார். வருத்தும் அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவனாகிய தலைவன். பனியனின் வழியில் பேய்க் கூச்சலும் உண்டு, சிங்கமும் உண்டு, வழிப்பறி செய்வோரும் உண்டு. அஞ்சுவானின் நடுக்கத்துக்கு வேர் நான்காம் களத்தில் இருக்கிறது. தன் தலைவன் முன் நிற்கத் தனக்குத் தகுதியுண்டா என்ற கலக்கம் அது. அன்பு கலந்த அச்சம் என்பதால்தான் அது அவனைத் திரும்பிப் போகவும் விடவில்லை.

பெருநெஞ்சன் அவனை எப்படி நடத்தினான்? ஓரிடத்திலும் கடிந்துகொள்ளவில்லை, கூடவே நடந்தான். தாழ்மைப் பள்ளத்தாக்கில் அஞ்சுவான் தரையைத் தழுவிக்கொண்டு மலர்களை முத்தமிட்டபோது அந்த மகிழ்ச்சியைப் பார்த்து நின்றான். மரண நிழலின் பள்ளத்தாக்கில் இவனை இழந்துவிடுவோம் என்று பெருநெஞ்சனே கலங்கினான். ஆனால் இவன் கடந்தபோது அப்பள்ளத்தாக்கு என்றுமில்லாத அமைதியோடு இருந்தது. கடைசியில் ஆறு. விண்ணகருக்கு முன்னால் பாலமின்றி ஓடும் மரண ஆறு. அங்கே அவன் கலக்கம் உச்சத்தை அடைகிறது. ஆனால் அன்று ஆற்றில் தண்ணீர், பெருநெஞ்சன் தன் வாழ்நாளில் கண்டிராத அளவு குறைந்திருந்தது. பாதம் நனைந்ததற்கு மேல் அதிகமில்லாமல் அவன் கரையேறினான்.

இங்கே வாசகர் ஒன்றை நினைவுகூர வேண்டும். முதற்பாகத்தில் இதே ஆற்றின் கரையில் கிறிஸ்தியானிடம் ஒரு விதி சொல்லப்படுகிறது. அந்நாட்டு அரசர்மேல் உனக்குள்ள விசுவாசத்திற்கு ஏற்ப ஆறு ஆழமாகவோ ஆழமின்றியோ இருக்கும் என்பது அவ்விதி. அவ்விதிப்படி, எத்தனையோ போர்களை வென்றுவந்த கிறிஸ்தியான் ஆற்றில் மூழ்கப் பார்க்கிறான். தோழன் நம்பிக்கையன் அவன் தலையைத் தண்ணீருக்குமேல் தாங்கிப் பிடித்துக் காப்பாற்றுகிறான். ஆறாண்டுகள் கழித்து அதே ஆசிரியர் அதே ஆற்றுக்கு வழியெல்லாம் நடுங்கிய ஒருவனைக் கொண்டுவருகிறார். பழைய விதிப்படி அவனுக்குத்தான் ஆறு மிக ஆழமாக இருந்திருக்க வேண்டும். பனியனோ தண்ணீரைக் குறைத்துவிட்டார்.

தாம் எழுதிய விதியைப் பனியன் திருத்திக்கொண்டார் என்பது நம் வாசிப்பு. விசுவாசத்தின் அளவே ஆற்றின் ஆழத்தை முடிவு செய்யும் என்றால், அஞ்சுவோருக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீர் எவன் ஆணையில் ஓடுகிறதோ அவன் இரக்கமே ஆழத்தை முடிவு செய்யும் என்றால், அஞ்சுவானும் கடக்கலாம். மணிக்கோபுரத்தின் கீழ் நடுங்கிய இளைஞரும் சிறையில் ஏணியை நினைத்துக் கலங்கிய போதகரும் சேர்ந்து எழுதிய பக்கம் இது. நம் மேடைகள் இன்னமும் 1678இன் விதியைப் பேசிக்கொண்டிருக்கின்றன. 1684ஐ அவை படிக்கவில்லை.

வெல்லுதலின் இரண்டாவது பாதியும் இதில் கிடைக்கிறது. நம்பிக்கையன் தலையைத் தாங்கினான். பெருநெஞ்சன் கூடவே நடந்தான். விசுவாசம் என்பதைத் தனிமனிதன் தன் நெஞ்சுக்குள் திரட்டிவைக்கும் ஆற்றல் என்று எண்ணும்போதுதான் அச்சம் அதன் தோல்வியாகத் தெரிகிறது. ஒருவரது விசுவாசம் தளரும்போது மற்றவரது விசுவாசம் அவரைத் தாங்கும் என்றால், அச்சம் தோல்வியாகாது, தோழமைக்கான அழைப்பாகும்.

*

இப்படிச் சொல்வது எளிது, கதையில் ஆசிரியர் நினைத்தால் ஆற்றில் தண்ணீர் குறையும், வாழ்க்கையில் குறையுமா என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால் வில்லியம் கூப்பரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

கூப்பர் 1731இல் பிறந்த ஆங்கிலக் கவிஞர். பெட்ஃபோர்டிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத ஓல்னி என்ற ஊரில் வாழ்ந்தவர். முன்னாள் அடிமைக் கப்பல் தலைவரும் பின்னாளில் போதகருமான ஜான் நியூட்டனோடு சேர்ந்து இவர் எழுதிய பாடல்கள் 1779இல் 'ஓல்னி ஞானப்பாடல்கள்' என்று தொகுதியாக வந்தன. இறைவனின் செயல்கள் மறைபொருளானவை என்னும் கருத்தமைந்த இவருடைய பாடல் இன்றும் உலகெங்கும் ஆலயங்களில் பாடப்படுகிறது. அப்பாடலை எழுதிய காலத்தை ஒட்டி, 1773இல், கடுமையான மனநோய்க்கு ஆளானார். இறைவன் தம்மை என்றென்றைக்குமாகக் கைவிட்டுவிட்டான் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. அதன்பின் ஆலயத்திற்குள் அவர் செல்லவில்லை. பிறர் பாடி ஆறுதல் பெறும் பாடல்களை எழுதியவர், அவ்வாறுதல் தமக்கில்லை என்றே நம்பினார். 1799இல் அவர் எழுதிய கடைசிக் கவிதைகளுள் ஒன்று, கப்பலிலிருந்து கடலில் விழுந்து மூழ்கும் ஒரு மாலுமியைப் பற்றியது. 1800இல் அந்த இருளிலேயே இறந்தார்.

அச்சத்தை விசுவாசக் குறைவு என்போர் கூப்பருக்கு என்ன தீர்ப்பு எழுதுவார்கள்? நியூட்டன் எழுதிய விடை வேறு. நோய் முற்றிய நாட்களில் ஓராண்டுக்கும் மேலாகத் தம் இல்லத்திலேயே அவரை வைத்துப் பார்த்துக்கொண்டார். மேரி அன்வின் என்ற கைம்பெண் தம் முதுமைவரை அவரைத் தாயைப்போல் கவனித்தார். முயல்கள் வளர்த்தார் கூப்பர்; தோட்டம் போட்டார்; நீள்கவிதைகள் எழுதினார்; அழகான கடிதங்கள் எழுதினார். அவ்விருளுக்குள்ளும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயனுள்ள வாழ்வு வாழ்ந்தார். தண்ணீர் குறைந்ததா என்றால், நம் கண்ணுக்குத் தெரிந்தவரை இல்லை. ஆயினும் அவர் தலையைத் தண்ணீருக்குமேல் தாங்கிய கைகள் இருந்தன. அக்கைகள் இல்லாவிடில் அவ்விருபது ஆண்டுகளும் இல்லை.

ஆகவே விசுவாசத்தை அச்சத்துக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை நாம் ஒப்பமுடியாது. மருந்து வேலை செய்யாத நோயாளியைக் குற்றவாளி ஆக்கும் விளம்பரம் அது. பதற்ற நோயும் மனச்சோர்வும் உடலோடும் மூளையோடும் தொடர்புடையவை; அவற்றுக்கு மருத்துவம் இருக்கிறது. எலியாவுக்கு அடையும் தண்ணீரும் கொடுத்த இறைவன், நம் காலத்து மாத்திரையையும் மருத்துவரையும் வெறுப்பான் என்று நினைக்க ஆதாரமில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்லும் விசுவாசி, நெஞ்சப் பதற்றத்துக்குச் செல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்? அவ்வெட்கத்தை உண்டாக்கியதில் நம் சபைகளுக்குப் பெரும் பங்குண்டு.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வினா வரும். அச்சம் நீங்காது, உத்தரவாதம் கிடையாது, மருத்துவரும் வேண்டும் என்றால், விசுவாசத்தால் என்னதான் பயன்? மதமே அச்சத்தில் பிறந்ததுதானே என்றும் சேர்த்துக் கேட்பார்கள். அச்சத்தை மூலதனமாக்கி நடக்கும் மதப் பிரசங்கம் உண்டு; அதை நாம் மறைக்கவில்லை. நரகத்தையும் சாபத்தையும் காட்டி மிரட்டிவிட்டு, பிறகு அதே மேடையில் அச்சத்தை நீக்குவதாகச் சொல்வது ஒரு கையால் காயப்படுத்தி மறு கையால் கட்டுப்போடுவது போன்றது. ஆனால் அச்சத்தை ஆளும் விசுவாசம் வேறு வகை. யோவானின் முதல் மடல், அச்சத்தைப் புறம்பே தள்ளுவது நிறைவான அன்பு என்கிறது. தள்ளும் வேலை அன்புக்குக் கொடுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். மனவுறுதிக்கோ கோட்பாட்டுத் தெளிவுக்கோ அவ்வேலை தரப்படவில்லை. அன்பு தனியாக நடப்பதன்று. அதற்கு இருவர் வேண்டும். அஞ்சுகிறவன் தான் நேசிக்கப்படுவதை அறியும்போது, அச்சம் அங்கேயே இருந்தாலும் அரசுக்கட்டிலில் இருந்து இறங்கிவிடுகிறது.

நம் மொழியில் 'விசாரம்' என்ற சொல்லுக்குக் கவலை என்றும் பொருளுண்டு. 'விசாரித்தல்' என்றால் நலம் கேட்டல், பேணுதல். பேதுருவின் முதல் மடலைத் தமிழாக்கியோர், கவலைகளையெல்லாம் இறைவன்மேல் வைக்கச் சொல்லும் இடத்தில், அவர் உங்களை விசாரிக்கிறவர் என்று காரணம் காட்டினார்கள். ஒருவனுடைய விசாரம் குறைய வேண்டுமானால் வேறொருவர் அவனை விசாரிக்க வேண்டும். சொல்லே தன் இரு பொருளால் இதைச் சொல்லிவிடுகிறது.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமலிருப்பது பேதைமை என்று வள்ளுவர் கருதினார். அச்சமே இல்லாத மனிதனை உயர்ந்தவனாக அவர் காட்டவில்லை. அஞ்சவேண்டியது எது என்று அறிந்தவனையே காட்டினார். பனியன் அதன்மேல் இன்னோர் அடுக்கை வைக்கிறார். அஞ்சவேண்டாததற்கெல்லாம் அஞ்சுகிறவனும் வழியை விட்டுத் திரும்பாதிருந்தால் போய்ச் சேருகிறான். ஆனால் அவனோடு நடக்க ஒருவர் வேண்டும்.

பேரச்சத்தாள் என்று ஒரு பெண் இரண்டாம் பாகத்தின் இறுதியில் வருகிறாள். ஐயக்கோட்டையில் நிராசை அரக்கனிடம் சிறைப்பட்டிருந்தவள். பெருநெஞ்சனும் தோழர்களும் அக்கோட்டையைத் தகர்த்தபோது தந்தையோடு மீட்கப்பட்டவள். முடிவில் அவள் பாடிக்கொண்டே ஆற்றைக் கடக்கிறாள். என்ன பாடினாள் என்று கரையில் நின்ற எவருக்கும் விளங்கவில்லை என்று எழுதி, பனியன் அங்கே நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பாட்டுக்கு அவர் விளக்கம் தரவில்லை. மேடையேறிச் சாட்சி சொல்லும்படி அவளை எவரும் அழைக்கவுமில்லை. நம்மிடையே அஞ்சிக்கொண்டிருப்போரிடமும் உடனடி விளக்கத்தையும் வெற்றிச் செய்தியையும் கேட்காதிருப்போம். அவர்களோடு ஆற்றங்கரைவரை நடப்பதே சபைக்கும் நண்பர்க்கும் இடப்பட்ட வேலை.